அக்காவுக்குத் தெரியாத விசைகள்

எனக்கு மவுஸ் பிடிக்காது. அது நேற்று வந்த வெறுப்பு இல்லை. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் அக்கா ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். தட்டச்சு, போட்டோக் கொப்பி, லமினேற்றிங். அங்கே எங்களிடம் இருந்த ஒரே கொம்பியூட்டரின் மவுஸ், கடற்காற்றின் உப்பையும் வீதிப் புழுதியையும் தின்று தின்று, ஒரு நாள் இடப்பக்கம் மட்டும்தான் போவேன் என்று அடம்பிடித்தது. புதிது ஒன்று வாங்கியிருக்கலாம். அக்கா வாங்கச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். அதைக் கழற்றி மேசைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, இனி இந்தக் கடையில் எல்லாமே கீபோட்டில்தான் என்று அறிவித்தேன். தம்பிக்கு எங்கேயோ ஒன்று கழன்றுவிட்டது என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள்.

சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. லிங்கநகரில் எங்கள் வீடு, சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த அம்மாவின் சொந்தக்காரர்களால் நிறைந்திருந்தது. அப்பா முன்பே செத்துப்போனார். இத்தனை பேருக்கும் அக்காவின் கடைதான் சோறு போட்டது. எந்த வீதி எப்போது அடைபடும், எப்போது கரண்ட் போகும், வெளியில் போனவர் வீட்டுக்கு வருவாரா என்று யாராலும் சொல்ல ஏலாது. நான் நினைத்தபடி நடந்த இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அது அந்தப் பழைய பெட்டியின் திரை. அதனால்தான் அதில் அவ்வளவு வெறியாக இருந்தேன் என்று இப்போது விளங்குகிறது. அப்போது கேட்டிருந்தால், வேலை கெதியாக முடியத்தான் என்று சொல்லியிருப்பேன்.

கொழும்பில் கம்பஸில் படித்த கூட்டாளி ஒருவன் லீவுக்கு வந்தபோது லினக்ஸ் சீடி ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். எங்கள் பெட்டி கிழடு. மற்றவர்கள் பாவிக்கிற பளபளப்பான திரையைப் போட்டால் மூச்சு வாங்கும். அதற்குத்தான் அவன் அந்தச் சின்ன மென்பொருளைக் காட்டினான். விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்று போடாமல், தரையில் ஓடு பதிப்பதுபோல் பக்கத்துக்குப் பக்கம் அடுக்குகிற விண்டோ மனேஜர். மெனு கிடையாது, படங்கள் கிடையாது, மூலையில் அமத்துவதற்குப் பொத்தானும் கிடையாது. தொடக்கத்தில் வெறும் கறுப்புத் திரை. ஒரு விண்டோவைத் திறந்தால் அது முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைத் திறந்தால் பாதி பாதி. எங்கள் வீட்டில் சனம் படுத்த மாதிரிதான். ஒருவர் கூடினால் மற்ற எல்லாரும் ஒடுங்கிக்கொள்வார்கள், ஒருவர் எழும்பிப் போனால் அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். ஆனால் இங்கே யார் எங்கே படுப்பது என்பதை நான் தீர்மானித்தேன்.

தீர்மானிப்பதும் எழுத்தில்தான். ஒரு கோப்பைத் திறந்து, இந்த விசையோடு அந்த விசையைச் சேர்த்து அமத்தினால் இன்னது நடக்கவேண்டும் என்று வரிவரியாக எழுதவேண்டும். எங்காவது ஒரு புள்ளி பிழைத்தாலும் அடுத்த முறை திரை வராது. வாடிக்கையாளர் நாலு பேர் காத்து நிற்க, நான் அந்தப் புள்ளியைத் தேடி வேர்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அக்கா அவர்களுக்கு, "கொஞ்சம் இருங்கோ, தம்பி கொம்பியூட்டரோட சண்டை பிடிக்கிறான்" என்று சொல்லிக் கதிரையைக் காட்டுவாள்.

நான் எழுதிய விசைகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கரண்ட் போனால் எங்கள் யூபிஎஸ் கொஞ்ச நேரந்தான் தாங்கும். அது கீச்சிடத் தொடங்கியதும் ஒரு விசையை அமத்தினால், திறந்திருக்கும் எல்லா வேலையையும் சேமித்து, எல்லாவற்றையும் மூடி, பெட்டி தானாக நின்றுவிடும். அந்த ஸ்கிரிப்டை எழுதி முடித்த அன்று ஊரில் என்னைவிடச் சந்தோசமான ஆள் இருந்திருக்க முடியாது. கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன்.

மற்றது கல்வெட்டு விசை. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு அவர் நினைவாகச் சின்னப் புத்தகம் ஒன்று அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். முன்பக்கம் செத்தவரின் படம், பிறகு தேவாரங்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. அந்த வருடங்களில் கடைக்கு வந்த வேலையில் பெரும்பங்கு அதுதான். முந்தி வயதுபோனவர்களின் படங்கள் வந்தன. பிறகு அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் வரத் தொடங்கின. வேறு படம் எடுப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே விண்டோக்களைத் திறந்து, அதே இடத்தில் வைத்துக்கொண்டிருக்க எனக்கு அலுத்துப்போனது. ஒரு விசையில் எல்லாம் வரும்படி எழுதினேன். இடது பக்கம் படம், வலது பக்கம் மேலே தேவாரங்கள், கீழே வரலாறு எழுத வெறும் பக்கம். விரலை எடுப்பதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நிற்கும்.

பெருமையோடு அக்காவுக்குச் செய்து காட்டினேன். அவள் கொப்பி மெஷினுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டு நின்றவள், திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செத்த வீட்டுக்கு ஒரு பொத்தானோடா?"

எனக்குக் கோபம் வந்தது. "வேலை கெதியா முடியட்டும் எண்டுதானே செய்தனான்" என்றேன்.

"முடியட்டும். ஆனா இப்பிடி முடியக்கூடாது" என்று சொல்லிவிட்டு மெஷினின் மூடியைச் சாத்தினாள். அவள் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டேன்.

மாதங்கள் போகப் போக அந்தப் பெட்டி என்னைத் தவிர வேறு யாரும் தொட முடியாத பெட்டியாகிவிட்டது. என் விரலுக்கு எட்டும்படி விசைகளையே இடம் மாற்றி வைத்திருந்தேன். அக்கா தட்டச்சில் என்னைவிட வேகம், ஆனால் நான் விண்டோவைத் திறந்து முன்னால் வைத்தால்தான் அவள் தட்டுவாள். நான் தேத்தண்ணிக்குப் போனால் வேலை நிற்கும். ஒரு முறை அவள் தவறுதலாக எதையோ அமத்த, எழுதிக்கொண்டிருந்த விண்டோ மறைந்துபோனது. நான் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "உன்ர பெட்டி எனக்கு வேண்டாம், சாமி" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட மடையன் நான்.

ஒரு நாள் முற்பகல் சந்தியில் ஏதோ வெடித்தது. வீதியை இரண்டு பக்கமும் அடைத்துக் கடை கடையாகச் சோதித்தார்கள். யார் வைத்தார்கள், யார் சோதித்தார்கள் என்று பெயர் சொல்லிக் கதைக்கிற பழக்கம் அப்போது ஊரில் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவோம், அவ்வளவுதான். எழுதும்போதும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

நான் பேப்பர் வாங்க மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். பாதை திறந்து பின்னேரம் கடைக்கு வந்து சேர்ந்தபோது கடையின் கதவு பாதி இழுத்திருந்தது. மேசையில் மொனிட்டர் மட்டும் இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. அக்காவின் செருப்பு ஒன்று கதிரைக்குக் கீழே கிடந்தது. ஒன்று மட்டும்.

பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற கடை. முதலாளி கிண்ணியா முஸ்லிம், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நாங்களும் நானா என்று கூப்பிடுவோம். அவர்தான் ஓடிவந்தார்.

"தம்பி, அக்காவ முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொம்பியூட்டரையும் தூக்கிட்டாங்க."

"ஏன் நானா? என்ன செய்தவ?"

"ஒண்டும் செய்யல்ல. இதத் தொறந்து காட்டு எண்டாங்க. கறுப்பாக் கெடந்திச்சு. மவுஸ் எங்க எண்டு கேட்டாங்க, இல்ல எண்டா. அவ ஏதோ அமத்தினா, திரையில கட்டம் கட்டமா ரெண்டு மூணு வந்திச்சு, பொறகு எல்லாம் இல்லாமப் போச்சு. எனக்குத் தெரியாது, தம்பிக்குத்தான் தெரியும் எண்டு சிங்களத்தில சொல்லிச் சொல்லிப் பாத்தா. ஒன்ட கடை, ஒனக்குத் தெரியாதா எண்டாங்க. நம்பல்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியன் தானாக முகாம் வாசலுக்கு நடந்துபோவது என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்வதென்றால், பெற்ற தாயே போகாதே என்று தடுப்பாள். ஆனால் அக்கா உள்ளே இருந்தாள், நான் அமைத்த விசைகளுக்காக. நான் போய்த் திறந்து காட்டினால் வெளியே வருவாள். போகாவிட்டால் அந்தக் கறுப்புத் திரை என்ன என்று அவளிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைப் பெடியனிடம் சாவியைக் கொடுத்தார். "தனியப் போகாதீங்க. நானும் வாறேன்" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

நானாவை வாசலில் மறித்துவிட்டார்கள். என்னைச் சோதித்து உள்ளே கூட்டிப்போனார்கள். ஒரு நீண்ட அறை, யன்னலுக்கு வெளியே கடல். சுவரோரம் கிடந்த மர வாங்கில் அக்கா இருந்தாள், ஒரு காலில் செருப்பில்லாமல். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. ஏன் வந்தாய் என்ற பயம்தான் வந்தது.

மேசையில் எங்கள் பெட்டியை அவர்களுடைய மொனிட்டரில் பொருத்தியிருந்தார்கள். முன்னால் இருந்த அதிகாரி இளம் ஆள். மூக்குக் கண்ணாடி. என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இதை இப்படிச் செய்தது நீயா? ஓம் என்றேன். திறந்து காட்டு என்றார்.

கதிரையில் இருந்தேன். முதல் இரண்டு முறையும் கடவுச்சொல் பிழைத்தது. மூன்றாவது முறை திரை வந்தது. கணக்குக் கோப்புகள், பள்ளிக்கூடத்து வினாத்தாள்கள், ஒரு கலியாண அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறக்கத் திறக்க விண்டோக்கள் ஒதுங்கி இடம் விட்டன. அதிகாரி முன்னுக்கு வளைந்தார். "நில். அதைத் திரும்பச் செய்" என்றார். செய்தேன். "இதை எப்படிச் செய்தாய்?"

கொம்பியூட்டரைத் தன் கைக்குத் தோதாக மாற்றி வைத்திருப்பவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவன் நிறுத்தமாட்டான். அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்கவில்லை, கடையில் கேட்கவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகக் காட்டினேன். இது இந்த விசை, இது இதற்கு. கரண்ட் போனால் இது. அவர் தானும் கொம்பியூட்டர்தான் படித்ததாகச் சொன்னார். ஒரு இடத்தில், இதை ஏன் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய், ஒரே வரியில் முடியுமே என்றார். பார்த்தால், அவர் சொன்னது சரி. சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்வெட்டு விசையையும் அமத்திக் காட்டினேன். திரையின் இடது பக்கத்தில் முந்தின கிழமை அடித்த பெடியனின் படம் பெரிதாக வந்து நின்றது. "இது யார்?" என்று கேட்டார். செத்துப்போனவர், கல்வெட்டுக்குத் தந்த படம் என்றேன். எப்படிச் செத்தார் என்று அவர் கேட்கவில்லை. பிறகு, சரி, அக்காவைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

பெட்டியை நானாவின் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தோம். நானா முன்னுக்குப் போக நாங்கள் பின்னால் நடந்தோம். நான் பெரிதாக எதையோ செய்து முடித்த நினைப்பில் இருந்தேன். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கடை தெரிகிற தூரம் வந்ததும் சொன்னாள்.

"நீ அங்க சிரிச்சனி."

"அக்கா, அது..."

"காலமையில இருந்து தண்ணி கேக்கவும் பயந்துகொண்டு அந்த வாங்கில இருந்தனான். ஒருத்தன் மாறி ஒருத்தன் வந்து கேட்டாங்கள். பிறகு நீ வந்து அந்தாளோட பகிடி விட்டுச் சிரிச்சுக் கதைச்சனி."

சிரித்தபடியால்தான் விட்டார்கள் என்று சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் அதற்காகச் சிரிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த கிழமை கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. அந்த அதிகாரி ஒரு லப்டொப்போடு இறங்கி வந்து, வாடிக்கையாளர் கதிரையில் இருந்தார். தன்னுடையதிலும் அந்த மாதிரி அமைத்துத் தரவேண்டுமாம். மறுக்க ஏலாது. செய்து கொடுத்தேன். சந்தேகம் கேட்க அதற்கடுத்த கிழமையும் வந்தார், பிறகும் வந்தார். அவர் வந்தால் வாசலில் இரண்டு பேர் துவக்கோடு நிற்பார்கள். மரியாதையான ஆள். அக்காவோடு தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் கதைக்கப் பார்ப்பார். அவள் கொப்பி மெஷினை விட்டுத் திரும்பமாட்டாள். அந்த நாளை அவர் மறந்திருக்கலாம். மறப்பது அவருக்கு லேசு.

எனக்கு அவர் வருவது பயம். அது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. நான் இராப்பகலாகச் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று அந்த ஊரில் விளங்கிய ஒரே ஆள் அவர்தான். ஒரு ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும், இதை அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று மனம் நினைக்கும். நினைத்த உடனே என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முதலில் போட்டோக் கொப்பிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒரு நாள், மகனின் கல்வெட்டுக்கு வேலை தந்திருந்த தாய் ஒருத்தி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, படத்தைத் தரச் சொல்லிக் கேட்டாள். பாதி வேலை முடிந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். "இல்லைப் பிள்ளை, வேற இடத்தில அடிக்கிறம்" என்று மட்டும் சொல்லி, கையை நீட்டியபடி நின்றாள். அக்கா படத்தைக் கொடுத்தாள். அந்தத் தாய் அதைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோனாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

கொஞ்ச நாளில் நானா என்னைத் தன் கடைக்குள் கூப்பிட்டுக் கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"கோவிக்காதீங்க தம்பி. ஒங்களப் பத்திக் கதை ஒண்டு நடக்குது. ஜீப்பில வாறவருக்கு என்னத்தப் பழக்குறீங்க, கொம்பியூட்டரில யார்ர படத்தக் காட்டினீங்க எண்டு கேக்குறாங்க. ரெண்டு பேர் வந்து என்னட்டக் கேட்டாங்க. வலை வாங்க வந்த ஆக்கள் இல்ல."

"நானா என்ன சொன்னீங்கள்?"

"பொடியன் பொத்தான் அமத்தப் பழக்குறான் எண்டேன். நம்பினாங்களோ தெரியா. நீங்க கொஞ்ச நாளைக்கு ஊரில நிக்காதீங்க."

பொத்தான் அமத்தப் பழக்குகிறேன். அதுதான் உண்மை, அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அந்த உண்மையை எந்தப் பக்கத்துக்குச் சொல்லியும் நம்பவைக்க ஏலாது. ஒரு பக்கத்துக்கு அது இரகசியம் ஒளித்த பெட்டி. மற்றப் பக்கத்துக்கு அது காட்டிக்கொடுக்கிற பெட்டி. விண்டோக்களை ஒழுங்காக அடுக்கி வைக்க ஆசைப்பட்டவனைப் பற்றி யாருக்கும் ஒரு நினைப்பும் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீ கொழும்புக்குப் போ" என்றாள்.

"நீங்களும் வாங்கோ."

"வீட்டில இருக்கிற சனத்துக்கு ஆர் சாப்பாடு போடுறது? கடையை நான் பாக்கிறன்."

பெட்டியில் எல்லாரும் பாவிக்கிற சாதாரணத் திரையைப் போட்டு, மவுஸ் ஒன்றும் வாங்கித் தந்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். மெதுவான பெட்டியோடு மல்லுக்கட்டத் தனக்கு நேரமில்லை, இருப்பதையே பழக்கிவிடு என்றாள். எனக்கு ஆச்சரியம். உன் பெட்டியே வேண்டாம், சாமி என்றவள்.

அந்தச் சில நாட்களும் கடையைப் பாதி சாத்திவிட்டு அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். காரணம் கேட்கமாட்டாள், எப்படி என்று மட்டும் பார்ப்பாள். ஒரு முறை செய்தால் அவள் விரலுக்கு அது பிடிபட்டுவிடும். அன்று அவளைப் பயப்படுத்திய விசையைத்தான் முதலில் கேட்டாள். மறைந்த விண்டோ எங்கே போகிறது? அது அழியாது அக்கா, பின்னால் இன்னொரு திரையில் நிற்கும் என்று சொல்லி, அதைத் திருப்பி முன்னால் கொண்டுவருகிற இரண்டு விசைகளையும் காட்டினேன். திரும்பத் திரும்ப மறைத்தாள், திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாள். "இவ்வளவுதானோ?" என்றாள். இவ்வளவுதான். இதைத் தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த வாங்கில் இருந்திருக்கத் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னாள். கல்வெட்டு விசை ஒரு தட்டில் வரக்கூடாதாம். இரண்டு முறை அமத்தினால்தான் வரவேண்டுமாம். ஏன் என்று கேட்காமல் மாற்றிக் கொடுத்தேன்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி வேலை தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடையிலிருந்து ஃபோன் எடுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் திரும்பி வருகிறது என்றாள். அதிகாரி வந்தாரா என்று கேட்டேன். வந்தாராம். ஜீப் நிற்கிற சத்தம் கேட்டதும் கீபோட்டில் இருந்து கையை எடுத்து ஸ்டேப்ளரைப் பிடித்துக்கொள்வாளாம்.

"மல்லி கோ, தம்பி எங்க எண்டு சிங்களத்தில உன்னைக் கேப்பார். மல்லி இல்லை எண்டுவன். சந்தேகம் ஏதாவது கேட்டால், மம தன்னே நே, எனக்கு ஒண்டும் தெரியாது, தம்பிக்குத்தான் தெரியும் எண்டு சொல்லுவன். கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போயிடுவார்."

"அதைத்தானே அண்டைக்கும் சொன்னனீங்கள்."

"ஓம். அதே கதைதான்" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலம். மெல்ல மெல்ல ஜீப் வருவது நின்றது. ஜீப் வராததால்தான் மிச்சச் சனமும் வந்தது. எனக்கு வளைகுடாவில் ஒரு வேலை சரிவந்தது. போவதற்கு முன் ஒருமுறை ஊருக்கு வரட்டா என்று கேட்டேன். அம்மாவைக் கொழும்புக்கு அனுப்புகிறேன், நீ வராதே என்றாள்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கத்தைவிட நேரத்தோடு ஃபோன் எடுத்தாள். குரல் சரியில்லை. யாருக்கு என்ன என்று பதறிக் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நேற்று அவர் வந்தவர்."

"ஜீப்பிலயோ?"

"இல்லை. நடந்து. சாதாரண உடுப்போட, தனிய. வன்னிக்கு மாத்திட்டாங்களாம், நாளைக்குப் போறாராம். அந்த லப்டொப்பையும் கொண்டு வந்தவர். ஏதோ ஒரு விண்டோ பின்னால போயிட்டுதாம், எவ்வளவு பாத்தும் முன்னுக்கு வரேல்லையாம். மல்லி ஃபோனில சொல்லுவானோ எண்டு கேட்டவர்."

அந்த ஆளை நினைத்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத்தான் ஆசை. என் அக்காவை ஒரு நாள் முழுக்க வாங்கில் இருத்தி வைத்தவர். சண்டை நடக்கிற வன்னிக்கு அவர் எதற்குப் போகிறார் என்பதும் தெரியும், அங்கே இருப்பவர்கள் யார் என்பதும் தெரியும். ஆனாலும், ஒரே வரியில் முடியுமே என்று அன்று சிரித்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அது எனக்குத் தெரியும்தானேடா. ரெண்டு விசை. ஒரு நாளைக்கு எத்தினை தரம் அமத்துறன். அவர் மேசையில வைச்சுத் திறந்து காட்டேக்க என்ர விரல் தானாப் போகப் பாத்தது. ஸ்டேப்ளரை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, மம தன்னே நே எண்டன். வீதியில சனம் போய்க்கொண்டிருந்தது. எப்பிடிச் சொல்லுறது?"

"சரி அக்கா. அதுதான் சரி."

"சரிதான். சரியில்லை எண்டு நான் சொல்லேல்லை." பின்னால் கொப்பி மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "ஸ்துதி, நன்றி எண்டு சொல்லிப்போட்டு, லப்டொப்பை மூடிக்கொண்டு போயிட்டார். என்ர முகத்தைப் பாத்தவர், நம்பிட்டார். அதுதானடா எனக்கு ஏலாமல் கிடக்கு. அண்டைக்கு நான் உண்மையைச் சொல்லிச் சொல்லி அழுதனான், ஒருத்தரும் நம்பேல்லை. நேற்றுப் பொய் சொன்னனான். உடனே நம்பிட்டார்."